மதிலுக்குள் ஒரு நாள், வழிநெடுக ஒரு நாள்

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் சிறுவயதுக் குடும்பச் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பெயர் வரும்: கிஷ்கிந்தா, விஜிபி, எம்ஜிஎம், மேற்குப் பக்கத்துக்காரர் என்றால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். இலங்கையின் தெற்கிலோ கிழக்கிலோ வளர்ந்தவர் சொல்வது ஒரு வழித்தடமாக இருக்கும்: தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பின்னவல யானைகள், பேராதனைப் பூந்தோட்டம், இடையில் குளித்த ஏதோ ஓர் ஆறு. இந்த நினைவுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். முதலாவதில் அப்பா, அம்மா, பிள்ளைகள். இரண்டாவதில் அம்மம்மா, சித்தி, மாமா, சில வேளை பக்கத்து வீட்டுப் பிள்ளையும். இலங்கையர் இயற்கையை விரும்புகிறவர்கள், உறவை விடாதவர்கள் என்று இதற்குப் பண்பாட்டைக் காரணம் காட்டுவதுண்டு. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பணம் எதற்குக் கட்டப்படுகிறது என்பதே நினைவில் யாருக்கு இடம் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பூங்காவில் கணக்கு தலைக்கு இவ்வளவு. இலங்கைப் பயணத்தில் வண்டிக்கு இவ்வளவு.

சென்னைத் தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியில் நுழைவுக்குச் சிறு தொகை, ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு, மரணக் கிணற்றுக்குத் தனிச் சீட்டு. எதிலும் ஏறாத பாட்டி அரசுத் துறை அரங்குகளைச் சுற்றிவிட்டு, டெல்லி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரால் வீட்டுக்குப் பெரிய செலவில்லை. பூங்காவின் கணக்கு வேறு. 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) அவர் தயாரித்ததுதான். சினிமாக்காரர் கட்டிய இடத்தில் சினிமாக் கொட்டகையின் கணக்கு இயல்பாகவே பொருந்தியது: உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே கட்டணம். பிறகு வந்த பூங்காக்களும் இதே வழியில் போயின. பிள்ளைக்கு அரைக் கட்டணமா முழுக் கட்டணமா என்பதைச் சுவரில் வரைந்த உயரக் கோடு முடிவு செய்தது. அந்தக் கோட்டின் முன் கூனிக் குறுகி நிற்கச் சொல்லப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்தக் கணக்கில் ராட்டினம் ஏறாத, தண்ணீரில் இறங்காத பாட்டிக்கு ஒரு சீட்டு வாங்குவது நடுத்தர வீட்டுக்குக் கட்டுபடியாகாது. அவர் வீட்டுச் சாவியோடு தங்கிவிட்டார்.

இதனால் தலைக்கணக்கு முற்றிலும் கெட்டது என்று ஆகிவிடாது. பொருட்காட்சியில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் காசு என்பதால் பெற்றோர் கீழே நின்று கையசைத்தார்கள். வாசலில் மொத்தமாகக் கட்டிய பிறகு, கட்டிய காசுக்கு விளையாடித்தான் ஆக வேண்டும் என்று அவர்களும் ஏறினார்கள். செயற்கை அலைக்குளத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்து நனைந்ததைப் பார்த்த தலைமுறை அது. குற்றாலத்தில் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் குடும்பம் அருவிக்கரையில் இரண்டாகப் பிரிய வேண்டும்; மதிலுக்குள் இருந்த குளமோ பல வீடுகளில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒரே தண்ணீரில் இறங்கிய முதல் இடமாக இருந்தது. இந்த லாபத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இலங்கையில் பெரிய செலவு வேன் வாடகையும் டீசலும். தெஹிவளையிலும் பேராதனையிலும் தலைக்குக் கட்டணம் உண்டு, ஆனால் உள்நாட்டவருக்கு அது வெளிநாட்டவர் கட்டுவதில் சிறு பங்கு. ஆகவே வேனைப் பிடித்தபின் வெறும் இருக்கைதான் நஷ்டம். இன்னும் ஒருவர் ஏறினால் ஆளுக்கு விழும் பங்கு குறையும், சோற்றுப் பார்சல் ஒன்று கூடக் கட்டினால் போதும். தாத்தா ஏறுகிறார், திருமணமாகாத சித்தி ஏறுகிறார், பின்சீட்டில் தாளம் போடத் தெரிந்த மாமாவைக் கட்டாயப்படுத்தியே ஏற்றுகிறார்கள். அங்கே பூங்காக்கள் இல்லாமலில்லை: அவிசாவளை வழியில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே. ஆனால் ஏறத்தாழ 2 கோடி மக்கள் உள்ள சந்தை, இறக்குமதி செய்ய வேண்டிய இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து அவற்றைப் பெருகவிடவில்லை.

‘இலங்கை’ என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு நியாயமான மறுப்பு எழும். போர்க்காலத்தில் வடக்கில் இந்த வேன் எங்கே ஓடியது? 1990-ல் யாழ்தேவி ரயில் நின்று, 2014-ல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002-ல் திறந்து 2006-ல் மறுபடி மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைக்குத் தெஹிவளை ஒரு பாடப்புத்தகப் படம் மட்டுமே. அந்த இழப்பை எதைக் கொண்டும் ஈடுசெய்ய முடியாது. ஆனாலும் அங்கே கொண்டாட்டம் இருந்த இடத்தைப் பாருங்கள்: நல்லூரின் 25 நாள் திருவிழா, வீதியோரக் கடைகள், விளையாட்டுச் சாமான், ஐஸ்கிறீம். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் எவரும் இல்லாத இடம் என்பதால் நடக்க முடிந்த கிழவியும் வந்தாள். வண்டிக்கணக்கின் பலவீனமும் 2022-ன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வெளிப்பட்டது. எரிபொருள் கியூஆர் குறியீட்டுக்கு வாராந்தப் பங்காக வந்தபோது வேனும் நின்றது, அதில் ஏறவிருந்த அத்தனை பேரின் பயணமும் நின்றது.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இயல்பிலேயே சுருங்கிவிட்டன, கட்டணத்தின் மேல் பழி போடலாமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை தமிழ்நாட்டுச் சாலைகளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பழனிக்கும் திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் அதே குடும்பம் வேன் எடுக்கும்போது பாட்டி, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று அடைத்துக்கொண்டு போகிறது. புளிச்சோற்றுத் தூக்கும் கூடவே போகிறது. மக்கள் மாறவில்லை, கணக்கு மாறுகிறது. வேண்டுதல்தான் அவர்களைச் சேர்க்கிறது என்று சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் காணும் பொங்கலன்று வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் குவியும் கூட்டத்துக்கு வேண்டுதல் ஏது? அங்கே மூன்று தலைமுறையும் கிடைத்த நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் காணலாம்.

இன்று சென்னைக்கு அருகே இன்னும் பெரிய, இன்னும் விலையுயர்ந்த பூங்காக்கள் வருகின்றன. இலங்கையின் வடக்கிலும் கட்டணம் கட்டி உள்ளே போகும் பொழுதுபோக்கிடங்கள் தலைகாட்டுகின்றன. சில இடங்களில் மூத்தோருக்குச் சலுகை உண்டு. அது போதாது, ஏனென்றால் சலுகை விலையும் விளையாடுபவருக்கான விலைதான். கூடவே வந்து, பைகளைக் காத்து, ஈரத் தலையைத் துவட்டிவிட மட்டும் வருகிறவருக்கென்று பெயரளவு கட்டணத்தில் ஒரு சீட்டு வேண்டும். வீட்டுச் சோற்றை வாசலில் பறிக்காமல் உள்ளே விட வேண்டும். உணவு விற்பனை படுத்துவிடும் என்று நடத்துபவர்கள் சொல்வார்கள். நான்கு பேராக வரும் குடும்பம் ஏழு பேராக வந்தால் தேநீருக்கும் ஐஸ்கிரீமுக்கும் வாங்குபவர்கள் கூடுவார்கள் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.