இரு துருவங்களுக்கும் ஒரே நத்தையா?

வடதுருவக் கடலுக்கும் தென்துருவக் கடலுக்கும் இடையே உலகின் வெப்பக் கடல்கள் அனைத்தும் பரந்து கிடக்கின்றன. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் ஒரு சிறு நத்தை, இந்த வெப்பத் தடையைத் தாண்டி இரு முனைகளிலும் எவ்வாறு இருக்க முடியும்? ஆயினும் 2009ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிரினங்களைக் கணக்கெடுத்த பன்னாட்டு அறிவியலார், குறைந்தது 235 சிற்றினங்கள் இரு துருவக் கடல்களுக்கும் பொதுவானவை என்று அறிவித்தனர். திமிங்கிலங்களும் பறவைகளும் அப்பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. அவை நெடுந்தொலைவு செல்ல வல்லவை. ஆனால் நீந்தும் நத்தைகளும் அவற்றோடு சேர்த்துக் கூறப்பட்டன. இக்கூற்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு லைமசினா ஹெலிசினா என்னும் நத்தை. வயிற்றுக்காலிகள் வகுப்பைச் சேர்ந்த இதன் பாதம் இரண்டு இறக்கைகளாக மாறியுள்ளது. அவற்றை அடித்துக்கொண்டு நீரில் மிதந்து திரிவதால் இதனைக் 'கடல் வண்ணத்துப்பூச்சி' என்பர். கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு இடப்புறமாகச் சுருண்டிருக்கும். 1773இல் வடதுருவத்தை நோக்கிக் கப்பலில் சென்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிப்ஸ், 1774இல் வெளியிட்ட தம் பயண நூலில் இதனை விவரித்தார். பனிக்கரடியைத் தனிச் சிற்றினமாக விவரித்ததும் அதே நூல்தான்.

தென்துருவக் கடலில் கிடைத்த நத்தைக்குப் பிரெஞ்சு இயற்கையியலார் தோர்பினி 19ஆம் நூற்றாண்டிலேயே தனிப்பெயர் இட்டிருந்தார். ஆனால் ஓடுகள் ஒத்திருந்தமையால், பின்வந்தோர் அதனை வடதுருவச் சிற்றினத்தின் ஒரு வடிவமாகவே கருதினர். இங்குதான் முதற் குறை தோன்றுகிறது. ஒரே வகையான குளிர்நீர், ஒரே வகையான நீந்தும் வாழ்க்கை. இவற்றில் பன்னெடுங்காலம் வாழும் இரு உயிர்களின் தோற்றம் ஒத்திருப்பதில் வியப்பென்ன? ஓடு வாழ்க்கை முறையைக் காட்டும். வம்சாவளியை எப்போதும் காட்டும் என்று சொல்வதற்கில்லை.

2010இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இக்கருத்தை அசைத்தது. இரு துருவங்களிலிருந்தும் பிடித்த லைமசினாக்களின் மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு மரபணுவை ஒப்பிட்டபோது, 33.56 சதவீத வேறுபாடு காணப்பட்டது. ஒரே சிற்றினத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதை ஏற்பது கடினம். எனவே இவை குறைந்தது இரு வேறு சிற்றினங்கள் என்று ஆசிரியர்கள் முடிவு செய்தனர். பழைய பெயரை நம்பி இருந்துவிடாமல் அதனைச் சோதனைக்கு உட்படுத்தியது இக்கட்டுரையின் சிறப்பு.

எனினும் இதனையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருப்பது அளவீட்டின் நுட்பத்தைக் காட்டுகிறது. முடிவின் உறுதியை அன்று. ஆராயப்பட்டது ஒரே ஒரு மரபணு. எல்லா விலங்குக் கூட்டங்களிலும் அது ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஆகவே இவை வெவ்வேறானவை என்பதற்கு இந்த எண் வலுவான சான்று. எவ்வளவு தொலைவான உறவு என்பதை இந்த எண்ணிலிருந்து மட்டும் கணக்கிட முடியாது.

உடலியங்கியல் தரும் சான்று இதற்குத் துணை நிற்கிறது. லைமசினாவை வேட்டையாடி உண்ணும் கிளியோனே என்ற ஓடற்ற நத்தையையும் இரு துருவங்களுக்கும் பொது என்றே கருதினர். வடக்கிலுள்ள கிளியோனே மெதுவாகவும் நீந்தும், தேவைப்பட்டால் விரைவாகவும் நீந்தும். தெற்கிலுள்ளதோ மெதுவாக மட்டுமே நீந்துகிறது. உறைநிலைக் குளிரில் ஆற்றல் பெற அதன் தசைகளில் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகி, விரைவு நீச்சலுக்கான தசையமைப்பு குறைந்துவிட்டது என 2009இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கிற்று.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குளிர்ந்த சோடாவில் வாயு அதிகம் தங்குவதுபோல், குளிர்ந்த கடல்நீரில் கரியமில வாயு அதிகமாகக் கரைகிறது. அதனால் அமிலத்தன்மை கூடி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. லைமசினாவின் ஓடு அரகோனைட் என்னும் எளிதில் கரையக்கூடிய கால்சியம் கார்பனேட்டால் ஆனது. 2008இல் தென்பெருங்கடலில் பிடித்த நத்தைகள் உயிரோடிருக்கும்போதே அவற்றின் ஓடுகள் அரிக்கப்பட்டிருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கடல் அமிலமாவதைக் காட்டும் அளவுகோலாகவே இந்நத்தையை ஆய்வாளர்கள் கொண்டுள்ளனர். வடக்கே செய்த சோதனையின் முடிவைத் தெற்குக்கும் பொருத்தலாமா? நிறத்தில் ஒத்த இரண்டு உலோகக் கம்பிகளில் ஒன்றின் விரிவை மட்டும் அளந்து, மற்றதற்கும் அதுவே என்று எழுதும் மாணவனுக்குச் செய்முறைத் தேர்வில் யார் மதிப்பெண் கொடுப்பார்? பெயர் தவறானால் கணிப்பும் தவறலாம்.

துருவக் கடல்களில் உயிர்வகை குறைவு என்ற பொதுக் கருத்தையும் இவ்வாறே அணுக வேண்டும். வெப்பக் கடல்களோடு ஒப்பிட்டால் அங்கு நத்தை இனங்கள் குறைவு என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு குறைவு என்பது எண்ணும் முறையைப் பொறுத்தது. டோரிஸ் கெர்கியூலனென்சிஸ் என்ற தென்துருவக் கடல் நத்தையை ஒரே சிற்றினமாக எண்ணி வந்தனர். 2009இல் மரபணு ஆய்வு அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட கால்வழிகளைக் கண்டது. அவை ஒவ்வொன்றும் தனிச் சிற்றினமா என்பது வேறு கேள்வி. ஒன்று என்ற பழைய எண்ணிக்கை மட்டும் இனி நிற்காது.

இன்று தென்துருவ நத்தை லைமசினா ரங்கி என்று அழைக்கப்படுகிறது. தோர்பினி இட்ட பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள். 235 என்ற பட்டியலைப் பயனற்றது எனத் தள்ள வேண்டியதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் சோதிக்க வேண்டிய கருதுகோளாகக் கொண்டால், அது ஆய்வுக்கு நல்ல தொடக்கமாகும். இத்தகைய எண்ணிக்கைகளைப் படிக்கும் மாணவர்கள், எத்தனை என்பதோடு எதைக் கொண்டு எண்ணினார்கள் என்றும் கேட்டுப் பழக வேண்டும்.