தனிமனமும் ஊர்மனமும்

பத்தியத்தின் பயனை நன்கறிந்தவரே அதனை மீறுதல் நாம் காண்பதே. அறிவு மட்டும் உடலைக் காவாது. மனம் இசைதல் வேண்டும். அம்மனம் ஒருவருக்கே உரியதோ? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், 1998, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தம் ஆங்கில நூல்களில், போரினால் வடுவுற்றது தனியாள் மட்டுமன்று, குடும்பமும் ஊருமே என நிறுவுகின்றார். ஆதலின் மருந்தோடு உறவும் சடங்கும் யோகப் பயிற்சியும் துணையாதல் வேண்டும் என்பது அவர் துணிபு. தனியாளையே அளந்து நிற்கும் மேனாட்டு உளவியலினும் இது நம் வாழ்வுக்கு அணுக்கமானது.

ஆயினும் ஒன்று கேட்கத்தக்கது. சடங்கே ஆற்றுமெனின், மங்கல வினைகளில் ஒதுக்கப்படும் கைம்பெண்ணின் மனத்தை ஆற்றுவது யாது? 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோர்க்கு ஊர் ஆறுதலாயிற்றோ? பேராசிரியர் வழியில் ஆராயப் புகும் மாணவர் இவ்விரு சாராரையும் வினாவித் தொடங்குவாராக.