பாவைப் பாட்டும் மணவேட்கையும்

பாவை நோன்பு, கன்னியர் நல்ல கணவரைப் பெறுதற்பொருட்டு நோற்றது. பாவைப் பாட்டு அந்நோன்பிற்குரிய பாட்டு. ஆதலின் அதன் பொருளும் மணவேட்கையே என்று கொள்ளுதல் பெருவழக்காயுள்ளது. மார்கழியில் திருப்பாவை ஓதும் கன்னியர்க்கு மணம் கைகூடும் என்னும் நம்பிக்கையும் நாட்டில் உண்டு. அந்நம்பிக்கையை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. ஒரு நோன்பின் பயனை அந்நோன்பைப் பாடிய நூலின் பொருளாகவே கொள்ளுதல் திறனாய்வுக்கு ஒக்குமா என்பதே வினா.

நோன்பு பழமையானது, அதன்கண் மணவேட்கை இருந்ததென்பதும் மறுக்கலாகாது. பரிபாடல் 11-ஆம் பாட்டில், ஆதிரை நாளில் அந்தணர் விழாத் தொடங்க, கன்னியர் வையையில் அம்பாவாடுகின்றனர். காதலரோடு பிரியாது வாழவும் இளமை நீங்காதிருக்கவும் வரம் வேண்டுகின்றனர். தைந்நீராடலைக் கலித்தொகையும் நற்றிணையும் ஐங்குறுநூறும் குறிக்கின்றன. தையென்றும் மார்கழியென்றும் நூல்கள் வேறுபடக் கூறுவதனை, முழுநிலா முதலாகத் திங்களை எண்ணும் முறை கொண்டு அறிஞர் விளக்கியுள்ளனர். அதனை மீட்டும் கூற வேண்டுவதில்லை.

திருவெம்பாவையில் இவ்வேட்கை வெளிப்படையாகவே உள்ளது. ஒன்பதாம் பாட்டில் மகளிர் சிவனடியாரே தமக்குக் கணவராக வேண்டுமென்கின்றனர். பத்தொன்பதாம் பாட்டில் அவ்வேண்டுகோள் மேலும் உறுதிபெறுகிறது. கணவனாக வேண்டப்படுபவன் சிவனல்லன், அவன் அடியான். மணிவாசகர் நோன்பின் பழம்பயனை மாற்றாது, அதனை அடியார் கூட்டத்திற்கு உரியதாக்கினார் எனலாம்.

திருப்பாவையோ வேறு. முப்பது பாட்டிலும் தமக்குக் கணவன் வேண்டுமென்னும் வேண்டுகோள் ஓரிடத்தும் இல்லை. முதற்பாட்டிலேயே பேறாகக் கூறப்படுவது பறை. மூன்றாம் பாட்டு நாட்டிற்கு மழையும் வளமும் கூறும். இருபத்தொன்பதாம் பாட்டில் ஆயர் மகளிர், இன்று பறை பெற்றுப் போதற்கு வந்தவரல்லேம் என்று தாம் வேண்டிவந்த பொருளையே விலக்கி, எழுபிறப்பும் ஆட்செய்தலையே வேண்டுகின்றனர். மற்றை வேட்கைகளை மாற்றுமாறும் வேண்டுகின்றனர். மணவேட்கை அவ்வேட்கைகளுள் அடங்காதென்று கூற இடமில்லை.

இனி, இருபத்தேழாம் பாட்டில் மகளிர் அணிகலனும் ஆடையும் அணிவதனை மணக்கோலமெனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. இரண்டாம் பாட்டில் மையும் மலரும் நெய்யும் பாலும் நீக்கினர். இருபத்தேழில் அணி பூண்டு நெய்யொழுகும் பாற்சோறு உண்ண விழைகின்றனர். முன்னது நோன்பின் தொடக்கம், பின்னது நோன்பின் முடிவு. இரண்டனையும் இணைத்துப் படியாதவர்க்கே அது மணக்கோலமாகத் தோன்றும்.

இதனினும் வலிய சான்று நப்பின்னை. பதினெட்டு முதல் இருபது வரையுள்ள மூன்று பாட்டில் அவளை மகளிர் எழுப்புகின்றனர். குத்துவிளக்கெரியும் பள்ளியறையில் கண்ணனும் அவளும் துயில்கின்றனர். மணாளன் என்னும் சொல் இருபதாம் பாட்டில் அவளுக்கு உரிமையாக்கப்பட்டே வருகிறது. விசிறியும் கண்ணாடியும் தந்து, அம்மணாளனையும் உடன் தந்து தம்மை நீராட்டுமாறு அவளையே வேண்டுகின்றனர். கணவனை நாடி நோற்கும் மகளிர் அவன் மனைவியின் வாயிலில் நின்று அவளைத் துணையாக வேண்டுவரோ? திருப்பாவையில் மணம் உண்டு. ஆனால் அது நிறைவேறிய மணம், பிறள் ஒருத்தியின் மணம். அம்மணத்தின் அருளை நம்பி வந்தவரே இம்மகளிர். நப்பின்னையை இறைவனிடம் அடியாரைச் சேர்ப்பிக்கும் தாயாகக் கண்ட வைணவ உரையாசிரியர், சமயக் கொள்கையாலன்றிப் பாட்டின் அமைப்பாலேயே அம்முடிவிற்கு வந்தனர் என்று கொள்ளவும் இடமுண்டு.

பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் கோகுலக் கன்னியர் காளிந்திக் கரையில் மணலாற் பாவை செய்து, நந்தகோபன் மகனைக் கணவனாகத் தருமாறு காத்தியாயனியை வேண்டும் கதை உண்டு. இதனைத் திருப்பாவைக்கு விளக்கமாகக் கொள்வார், ஆண்டாள் விலக்கியதனையே அவர் பாட்டினுள் புகுத்துகின்றனர்.

அவ்வேட்கையை ஆண்டாள் அறியாதவரல்லர். நாச்சியார் திருமொழியின் முதற்பதிகம் முழுதும் அதுவே. தையில் தரை விளக்கிக் காமனைத் தொழுது, கண்ணனுக்கே தம்மை உரியளாக்க வேண்டுகிறார். ஆறாம் பதிகத்தில் மணவினை முழுதும் நிகழ்கிறது. அதுவும் கனவாகத் தோழிக்கு உரைக்கப்படுகிறது. ஆண்டாள், கூட்டமாகப் பாடுமிடத்து மணத்தை வேண்டவில்லை. தனித்துப் பாடுமிடத்து அதனையன்றி வேறொன்றை வேண்டவில்லை. இவ்வேறுபாட்டைத் தற்செயலென்று ஒதுக்குதல் அரிது.

நோன்பின் பழைய இயல்பைக் காண விரும்புவார்க்கு மலைநாட்டுத் திருவாதிரை உதவும். தனு மாதத்து ஆதிரையில் அங்கு மகளிர் அரிசியுணவு நீக்கி, விடியற்குமுன் நீர்த்துறையில் நீரைக் கொட்டிப் பாடி நீராடுவர்; இரவில் கைகொட்டிக்களி ஆடிப் பாதிராப்பூச் சூடுவர். மணமானவர் கணவர் நெடுவாழ்வையும் கன்னியர் நற்கணவனையும் வேண்டுவர். மணந்த பெண்ணின் முதல் ஆதிரையைப் பூத்திருவாதிரை எனச் சிறப்பிப்பர். சிவன் எரித்த காமன் மீண்ட கதையையும் இந்நாளோடு இணைத்துக் கூறுவர். நீராட்டும் காமனும் மணவேட்கையும் ஒருங்கு காணப்படும் இந்நோன்பை ஒப்பிடுதற்கு ஏற்றது நாச்சியார் திருமொழியின் முதற்பதிகமே, திருப்பாவை அன்று.