கில் ஏன் மூன்றோடு நிறுத்தினார்?

போல்டரிங் வரலாறு எழுதுகிறவர்கள் ஜான் கில்லுக்குத் 'தந்தை' பட்டம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏறுவது, 1937-இல் அமெரிக்காவில் அவர் பிறப்பதற்கு முன்பே பிரான்ஸின் ஃபான்டென்புளோ காட்டில் இருந்தது. கில் கொண்டுவந்தது வேறு: ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசும் மெக்னீசியப் பொடி, உந்தித் தாவும் அசைவு, கூடவே ஒரு வாதம். போல்டரிங் என்பது மலையேற்றத்துக்கான ஒத்திகை இல்லை, தனிக் கலை. 1969-இல் அமெரிக்கன் ஆல்பைன் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'போல்டரிங் எனும் கலை'தான்.

கணிதக்காரரான அவர் கடினத்தை அளக்க மூன்றே படிகள் வைத்தார். அன்றைய கயிறேற்றத்தின் உச்சக் கடினம் பி1. அதையும் தாண்டியது பி2. ஒரே ஒருவர் ஏறி, மற்றவர்கள் முயன்றும் முடியாதது பி3. இரண்டாவது ஆள் ஏறிட்டா, பி3 போச்சு!

எண்களைத் துரத்தும் ஆசைக்கு நல்ல கடிவாளம். ஆனா ஒண்ணு இடிக்குது. பி3 பாறையை அளக்கவில்லை. யார் யார் வந்து தோற்றார்கள் என்பதை அளக்கிறது. ஆளே வராத ஊர்ப் பாறைக்கு என்ன மதிப்பு? பி1-உம் நிலையானதில்லை. கயிறேற்றம் வளர வளர, அதுவும் நகரும். கையேடு எழுதுகிறவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

1991-இல் ஜான் ஷெர்மனின் ஹியூகோ டாங்க்ஸ் கையேடு மேல்வரம்பில்லாத 'வி' அளவுகோலைக் கொண்டுவந்தது. பிறகு அது வி17-ஐயும் தொட்டாச்சு. கையேட்டுக்கு அதுதான் சரி. ஆனா கில் வாசலில் நிறுத்திவைத்த எண் வேட்டையும் அதோடயே உள்ளே வந்துருச்சு. அவரைத் தந்தைன்னு கும்பிடுவதைவிட, ஏன் மூன்றோடு நிறுத்தினார்னு கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.