அறை வாங்கிய சிப்பாய்: சில சித்திரக் கதை நூல்களைப் பற்றி

தோட்டத்து ஆபீசில் சித்திரக் கதைப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைக் கண்டால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். "பிள்ளைக்கு வாங்கினீங்களா, கிராணியாரே?" என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் நல்லவர்கள். ஒன்றும் கேளாமல் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுபவர்களே பெரும்பாலோர். நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்த நாளில், மாமாவின் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப்போன 'இரும்புக்கை மாயாவி'யை ஆசிரியர் ஒருவர் நம் மேசைக்குள்ளிருந்து பிடுங்கி இரண்டாகக் கிழித்தார். முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த கதை அது என்று அவருக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் கிழித்தே இருப்பார். படம் போட்ட புத்தகம் படிப்பைக் கெடுக்கும் என்ற எண்ணம் நம்மவரிடம் அவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்பதற்கு வாதம் செய்வதைவிட, அண்மையில் நாம் படித்த சில நூல்களைப் பற்றிச் சொல்லிவிடுவது மேல்.

படித்தவை நான்கு. இரண்டு, ஜப்பானியர் 'மங்கா' என்று வழங்கும் சித்திரக் கதைகள். ஒன்று மிசுகி ஷிகெரு 1973-ல் வெளியிட்ட யுத்தக் கதை. மற்றொன்று நகாசாவா கெய்ஜியின் 'வெறுங்கால் கென்' தொடரின் முதல் மூன்று பாகங்கள். இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தோம். மற்ற இரண்டும் நம் பக்கத்து நூல்கள். அவற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

பட்டணத்து நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஜப்பான்காரன் அழுத கதையை நாம் எதற்குப் படிக்க வேண்டும்?"

கேள்வி நியாயமானது. 1942, 1943 ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடுவதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரை ஜப்பானியர் கொண்டுபோயினர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பெரும் பகுதியை அந்தக் காட்டிலேயே நிறுத்திக்கொண்டன. நம் பாட்டனாரின் தமையனாரும் போனவர்களில் ஒருவர். அவருடைய பெயர் நம் வீட்டில் இன்னும் வழங்குகிறது. முகம் யாருக்கும் தெரியாது, ஏனெனில் ஒரு புகைப்படமும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன், ஜப்பானியச் சிப்பாய்க்காக மனம் இரங்க வேண்டுமென்று ஒரு புத்தகம் கேட்டால், அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட அவனுக்கு உரிமை உண்டு.

மிசுகியின் புத்தகத்தை நாம் மூடி வைக்கவில்லை. காரணம், அது நம்மிடம் இரக்கத்தை யாசிக்கவில்லை.

மிசுகி 1922-ல் பிறந்தவர். படையில் சேர்க்கப்பட்டு நியூபிரிட்டன் தீவின் ரபாவுலுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே மலேரியாவில் கிடந்தபோது குண்டு வீச்சில் இடக்கையை இழந்தவர். எஞ்சிய வலக்கையால் வாழ்நாள் முழுதும் படம் வரைந்து 2015-ல் மறைந்தார். இக்கதையில் தொண்ணூறு பங்கு உண்மை என்று அவரே நூலின் இறுதியில் எழுதியிருக்கிறார். ஜப்பானியப் பெயரில் 'கியோகுசாய்' என்றொரு சொல் வருகிறது. மணிக்கல் உடைந்து சிதறுவது என்பது அதன் நேர்ப்பொருள். ஒரு படை முழுவதும் சரணடையாமல் மாள்வதற்கு அந்நாளைய ராணுவம் சூட்டிய அலங்காரப் பெயர் அது. நூலில் மணி எங்கே உடைகிறதென்று தேடினோம். ஒருவனை முதலை கொண்டுபோகிறது. ஒருவன் பிடித்த மீனை வாயில் கவ்விக்கொண்டே அடுத்த மீனுக்குக் கை நீட்ட, முதல் மீன் தொண்டைக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறான். ஒருவன் காய்ச்சலில் போகிறான். எதிரியின் துப்பாக்கியைக் காணுமுன்பே இத்தனை பேர்! இவற்றுக்கிடையே, விடியற்காலை முதல் இரவு வரை, மேலதிகாரிகளின் அறை. சோறு கேட்டால் அறை. மெதுவாய் நடந்தால் அறை. காரணம் இல்லாவிட்டால் அதற்காகவும் ஓர் அறை. மருயாமா என்ற கடைநிலைச் சிப்பாயின் கன்னம் பக்கத்துக்குப் பக்கம் வீங்குகிறது.

கதையின் உச்சம் குமாஸ்தாவாகிய நம்மை வேறொரு விதத்தில் உலுக்கிற்று. இளம் மேஜர் ஒருவர் தம் படையைச் சாகும்படி ஏவுகிறார். எல்லாரும் சாகவில்லை, சிலர் பிழைத்து வந்துவிடுகிறார்கள். ஆனால் அதற்குள் ரபாவுல் தலைமையகத்துக்கு, படை முழுவதும் வீர மரணம் எய்திற்று என்று செய்தி போய்விட்டது. இனி என்ன செய்வது? ராணுவ வைத்தியர் தலைமையகத்துக்கே சென்று, பிழைத்தவர்களை வாழவிடுங்கள் என்று மன்றாடுகிறார். பயனில்லாமற்போகவே தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். பிழைத்தவர்கள் மறுபடியும் சாக அனுப்பப்படுகிறார்கள். நாம் தினமும் விடியுமுன் பெரட்டில் நின்று ஆள் கணக்கெடுத்துச் செக்ரோல் எழுதுகிறவர்கள். கணக்கில் பிழை வந்தால் சிவப்பு மையால் கோடு கிழித்துத் திருத்துவோம். ரபாவுலில் கணக்கைத் திருத்தவில்லை, ஆட்களைத் திருத்தினார்கள். இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

வரைந்த முறையையும் சொல்ல வேண்டும். காடு, கடல், மேகம் ஆகியவற்றை மிசுகி இலை இலையாக, அலை அலையாக, புகைப்படம் என்று மயங்கும்படி தீட்டியிருக்கிறார். மனிதர்களையோ குண்டு மூக்கும் துருத்திய பல்லுமாகப் பிள்ளைகளின் கிறுக்கல்போல் விட்டிருக்கிறார். இது சோம்பலோ என்று முதலில் ஐயுற்றோம். இறுதிப் பக்கங்களில் விடை கிடைத்தது. அங்கே சிப்பாய்கள் பிணமாகிக் கிடக்கும்போதுதான் அவர்கள் உடலும் காட்டைப்போல நுணுக்கமாக வரையப்படுகிறது. உயிரோடிருந்தவரை கேலிப் படம். செத்த பிறகே முழு உருவம். எழுத்து மட்டும் கொண்ட நாவல் இதைச் செய்ய முடியாது. சித்திரக் கதையை இகழ்வோர் இந்தக் கடைசிப் பக்கங்களையாவது பார்ப்பார்களாக.

நிற்க. நமது தோட்டத்து லயத்தில் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் சிறு குழந்தை. எழுத்தறியார். ஒருநாள் நாம் திண்ணையில் வைத்திருந்த இப்புத்தகத்தைக் கையிலெடுத்துப் படங்களைப் பார்த்தார். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய புத்தகம் அது. நாம் பழகுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. பாட்டிக்கு அந்தக் கவலை இல்லை; எங்கே திறந்தாரோ அங்கிருந்து பார்த்தார்.

"யாருய்யா இவன், அடிக்கிறவன்?"

"ஜப்பான் ஆபீசர், பாட்டி."

"அடி வாங்குறவன்?"

"அவனும் ஜப்பான்காரன்தான்."

பாட்டி நெடுநேரம் அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகு, "சொந்த ஆளையே இப்படி அடிச்சிருக்கானா! அப்புறம் நம்மள அடிக்கிறதுக்கு அவனுக்குக் கை கூசுமா?" என்றார். பெரட்டுக் களத்தில் குனிந்து வணங்க மறந்ததற்காகத் தம் தகப்பனார் அறை வாங்கியதை அதன் பிறகுதான் சொன்னார். இத்தனை ஆண்டு பக்கத்தில் இருந்தும் அதை நாம் கேட்டதில்லை.

பாட்டி மன்னித்துவிட்டார் என்று யாரும் கொள்ள வேண்டாம். மன்னிப்பதற்கான குரல் அதில் இல்லை. மேலிருந்து விழுந்த அறை எந்தப் படிகளில் இறங்கித் தம் தகப்பனார் கன்னத்துக்கு வந்து சேர்ந்தது என்பது அவருக்குப் புலப்பட்டது, அவ்வளவே. பட்டணத்து நண்பரின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை நம்மிடம் இல்லை.

'வெறுங்கால் கென்' இதே ஆண்டில், 1973-ல், ஜப்பானியச் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடங்கியது. நகாசாவா ஹிரோஷிமாவில் 1939-ல் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயது. பள்ளிக்கூடச் சுவர் ஒன்று அவரைக் காத்தது. தகப்பனாரும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டுக்குள் சிக்கி எரிந்துபோயினர். தாயார் அன்றே தெருவில் ஒரு பெண்குழந்தையைப் பெற்றார். இவையெல்லாம் கென் என்ற சிறுவனின் கதையாக வருகின்றன. முதல் பாகத்தின் பெரும்பகுதி குண்டு விழுமுன் நிகழ்வது என்பது நமக்கு வியப்பளித்தது. யுத்தத்தை வெளிப்படையாய் எதிர்க்கும் தந்தை சிறையில் வதைபடுகிறார். அண்டை வீட்டார் அந்தக் குடும்பத்தைத் துரோகி வீடென்று தூற்றி, கோதுமைப் பயிரை அழிக்கிறார்கள். துணைக்கு வருபவர் பாக் என்னும் கொரியர் ஒருவரே. நம் நாட்டுத் தமிழரைச் சயாமுக்கு இழுத்ததுபோலக் கொரியரை ஜப்பானுக்கு இழுத்து வேலை வாங்கியவர்கள் தன் நாட்டவரே என்று ஒரு ஜப்பானியர், அதுவும் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில், எழுதினாரே, அந்தத் துணிவை மெச்சுகிறோம்.

ஆயினும் குறை உண்டு. நகாசாவா எதையும் மெல்லச் சொல்ல அறியார். எல்லாரும் கத்துகிறார்கள், கண்ணீர் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டு விழுகிறது, சந்தோஷம் வந்தாலும் தலையில் ஒரு குட்டு. யுத்தத்தை வெறுக்கும் அந்த நல்ல தந்தையே பிள்ளைகளைக் கை ஓங்காமல் ஒருநாளும் விடுவதில்லை. ராணுவத்தின் அறையை வெறுத்த ஆசிரியர் வீட்டின் அறையைப் பாசம் என்றே வரைந்துவிட்டார். மிசுகி இந்தத் தவறு செய்யார். ஆனால் கென் சிறுவன், கைகள் வெந்து சொந்த வீட்டாராலேயே ஒதுக்கப்பட்ட ஓவியர் ஒருவருக்குப் பணிவிடை செய்து, அவரைத் தூரிகையை வாயில் கவ்வி வரையச் செய்யும் பகுதி வருகிறதே, அங்கே கத்தலெல்லாம் நம் காதைவிட்டு அகன்றுவிட்டது. இந்நூலை 2012-ல் மட்சுவே நகரக் கல்வி வாரியம் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கைக்கெட்டாமல் வைக்கச் சொன்னதும், கண்டனம் எழுந்து 2013 ஆகஸ்டில் அதைக் கைவிட்டதும், 2023-ல் ஹிரோஷிமா நகரமே தன் சமாதானப் பாடத்திலிருந்து இதை நீக்கியதும் சேர்த்து நினைக்கத்தக்கவை. வெறும் பிள்ளை விளையாட்டுக்கு இத்தனை பேர் பயப்படுவதில்லை.

நம் பக்கத்து நூல்களுக்கு வருவோம். சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' 2015-ல் வந்தது. அரசாங்கக் கலை மன்றம் கொடுத்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றதும், 2017-ல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்று இதற்குக் கிடைத்ததும் பலரும் அறிந்தவை. இல்லாத ஓர் ஓவியரை இருந்தவராகக் கற்பித்து, அவர் வரைந்ததாகப் பல காலத்துப் பல பாணிச் சித்திரங்களை இவரே வரைந்து, சிங்கப்பூரின் அரசியல் சரித்திரத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கிறார். அபாரத் திறமை. எந்தப் படம் யாருடைய பாணி என்று கண்டுபிடிப்பதில் நாமும் களித்தோம். ஆங்கிலப் பள்ளியின் வாசனை எளிதில் போகுமா? ஆனால் அந்தக் களிப்பு அடிக்கடி துயரத்தின் குறுக்கே வந்து நின்றது. மலவாளி சுமக்கும் தொழிலாளி ஒருவன் கரப்பான் கடித்து மாவீரனாகிற சிறு பகுதி ஒன்று இருக்கிறது. முழு நூலாக விரிந்திருக்க வேண்டியது அதுவே என்பது நமது அபிப்பிராயம்.

லாட்டின் 'கம்போங் பாய்' 1979-ல் வந்தது. நாம் இப்போது படித்தது மூன்றாம் முறை. பேராக் கிராமத்துப் பையனின் பிள்ளைப் பருவத்தை இவ்வளவு அன்போடு வரைந்தவர் வேறொருவர் இல்லை. ஈயக் கம்பெனி கிராமத்து நிலத்தை வாங்க வருகிறது என்ற பேச்சு முடிவில் எழுகிறது. குடும்பம் கூடி, விற்பதா வேண்டாமா என்று யோசிக்கிறது. அங்கேதான் நாம் புத்தகத்தைத் தாழ வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அவர்களிடம் யோசிப்பதற்கு ஒரு நிலம் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது நம் லயத்து ஜனங்களை யாரும் கூட்டி வைத்துக் கேட்டதில்லை. வீடும் கம்பெனியுடையது, வாசலில் நட்ட முருங்கையும் கம்பெனியுடையது. இதற்காக லாட்டைக் குறைகூறுவது அறிவீனம். தம் வாசலை அவர் வரைந்தார். நம் வாசலை வரைய வேண்டியவர் அவரல்லர்.

சயாம் ரயிலைப் பற்றி நம்மவர் எழுதாமலில்லை. சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இருக்கின்றன, இரண்டையும் படித்திருக்கிறோம். ஆனால் லயத்துப் பாட்டிக்கு நாவலால் என்ன பயன்? மிசுகியின் புத்தகத்தில் அவர் தம் தகப்பனாரின் அறையைக் கண்டார், தகப்பனாரைக் காணவில்லை. போன வாரம் அவர் நம்மிடம், "நம்ம ஆளுங்க ரயில் ரோட்டுக்குப் போன படம் ஒண்ணும் வரலியா, கிராணியாரே?" என்று கேட்டார். தேடிப் பார்க்கிறோம் என்றோம்.

புத்தகம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. பேரன் ஒருவன், பத்து வயது, அதிலுள்ள காட்டைப் பார்த்துப் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறான் என்று கேள்வி. காடு ஒருவாறு வந்துவிட்டதாம், ஆட்கள்தாம் வரவில்லையாம்.