பதினைந்து தௌ

பழைய அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினில் ராக்கர் கவரைக் கழற்றி வைத்தால், எட்டு வால்வுகளும் ஒரே வரிசையில் எண்ணெய் பூசி நிற்பதைப் பார்க்கலாம். 1489 சிசி, நான்கு சிலிண்டர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து உத்தர்பாரா தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்த இன்ஜின். இன்றைய கார்களில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்துகொண்ட நுணுக்கங்களை இதில் விரலால் தொட்டே ரசிக்கலாம்.

உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு. 1876-ல் நிக்கோலாஸ் ஓட்டோ ஓடவைத்துக் காட்டிய இந்த நான்கு வீச்சுகளைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். பாடப்புத்தகப் படத்தில் எல்லாம் கறாராக நடக்கும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இன்டேக் வால்வு திறக்கும். பிஸ்டன் அடியைத் தொட்டதும் மூடிக்கொள்ளும். படத்தில் உள்ளபடியே ஒரு இன்ஜின் செய்தால் அதுவும் ஓடும்தான், ஆனால் மூச்சு வாங்கும். படத்தை மீறுகிற இடங்களில்தான் இன்ஜினின் அழகே இருக்கிறது.

இன்டேக் வால்வையே எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் அது திறந்தே கிடக்கிறது. பல பெட்ரோல் இன்ஜின்களில் கிராங்க் இன்னும் 40, 50 டிகிரி சுற்றிய பிறகே மூடும். ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையை வெளியே தள்ளிவிடாதா? இன்ஜின் வேகமாக ஓடும்போது தள்ளாது. ஓடிவந்த பஸ் பிரேக் போட்டாலும் நின்றிருப்பவர்கள் முன்னால் சாய்வதைப் போல, குழாய்க்குள் வேகம் பிடித்த காற்று பிஸ்டன் திரும்பியது தெரியாமல் உள்ளே நெருக்கிக்கொண்டே வருகிறது. அந்த நெருக்கல் ஓயும் தறுவாயில் கதவைச் சாத்துவதுதான் கைத்திறன்.

எக்ஸாஸ்ட் வால்வு நேர்மாறாக அவசரக்காரர். எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளி முடிக்கும் முன்பே திறந்துவிடுகிறார். கடைசிச் சொட்டு அழுத்தத்தை இப்படி விட்டுக்கொடுப்பது நஷ்டம்போலத் தோன்றும். ஆனால் அந்த அழுத்தத்திலேயே வாயுவின் பெரும்பங்கு தானாகச் சீறி வெளியேறிவிடுவதால், பிஸ்டன் மேலே வரும்போது தள்ள வேண்டிய சுமை குறைந்துபோகிறது. வெளியே தள்ளும் வீச்சின் முடிவில் சிறிது நேரம் இரண்டு வால்வுகளும் சேர்ந்தே திறந்திருக்கும். வெளியேறும் வாயு தன் பின்னாலேயே புதுக் கலவையை இழுத்து வருவதற்காக வைத்த நேரம் அது. கிராங்க் நிமிடத்துக்கு 3000 சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இத்தனை கணக்கும் அந்த வேகத்துக்குள் நடந்து முடிகிறது.

சிலிண்டருக்குள் இறங்கினாலும் இதே கதைதான். 73 மில்லிமீட்டர் உள்துளை (போர்) அச்சுப்பிசகாத வட்டம். அதற்குள் ஓடும் பிஸ்டனோ வட்டமே இல்லை! நுணுக்கமாக அளந்தால் லேசான நீள்வட்டம். தலைப்பக்கம் சற்றே ஒடுக்கம். பிஸ்டனின் அலுமினியம் சூட்டில் சிலிண்டரின் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதிலும் கனெக்டிங் ராடைக் கோக்கும் ‘பின்’ செருகும் பக்கம் உலோகம் தடிப்பு, தலையில் சூடு அதிகம். ஆகவே குளிரில் கோணலாகக் கடைந்து வைக்கிறார்கள். சூடேறியதும் தானே வடிவத்துக்கு வந்துவிடுகிறது. சிலிண்டர் சுவரையும் கண்ணாடிபோல வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். அந்தக் கீறல்களில் தங்கும் எண்ணெயில்தான் ரிங்குகள் வழுக்கி ஓடுகின்றன. ரிங்கின் சாமர்த்தியமோ தனி. தப்பிக்கப் பார்க்கும் வாயு ரிங்கின் முதுகுக்குப் பின்னால் புகுந்து, அதைச் சுவரோடு இன்னும் இறுக்கி அழுத்துகிறது. கசியத் துடிப்பதே கசிவை அடைத்துவிடுகிறது.

மறுபடி மேலே வருவோம். ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, இடைவெளி விட வேண்டும். மெக்கானிக் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுத்துப் பார்க்கிறார். தகடு தடையில்லாமல் ஓடக் கூடாது, சிக்கவும் கூடாது. லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒரு ஒன்பதுக் கணக்கு உண்டு. பையன் ஹேண்டில் போட்டுச் சுற்ற, மெக்கானிக் குரல் கொடுப்பார்: “எட்டு அமுங்கிருச்சுடா, நிறுத்து. ஒண்ணைப் பிடி.” ஏழு அமுங்கினால் இரண்டு, ஆறு அமுங்கினால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஒன்றாம் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் சேர்ந்தே ஏறி இறங்கினாலும், வேலையில் ஒரு முழுச் சுற்று தள்ளி நிற்கின்றன. வால்வு வரிசையும் நடுவிலிருந்து இருபுறமும் ஒன்றுபோல அமைந்திருக்கிறது. ஆகவே எட்டாவது வால்வு முழுக்கத் திறந்த கணத்தில் அதன் ஜோடியான முதல் வால்வு, கேமின் உருண்டைப் பக்கத்தில் முழு ஓய்வில் இருக்கும். கேம் ஷாஃப்டின் வடிவியல் முழுவதையும் ஒரு கூட்டல் கணக்காகக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார் அவர்.

இந்த 15 தௌ எதற்கு? எரியும் வாயுவில் குளிக்கும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸையும் எட்டும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடி சீட்டில் பதிந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் நீளும் தண்டு ராக்கரில் முட்டும், வால்வு முழுசாகப் பதியாது, ஓரம் கருகிப்போகும். இடைவெளி இருந்தாலோ ராக்கர் தண்டைத் தொடும்போதெல்லாம் ‘டக்டக்’ என்று தட்டும். அதனால்தான் அனுபவசாலிகள் இந்த டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்டால் கவலைப்படுவதில்லை. சத்தமே இல்லாமல் ஓடுகிற பழைய இன்ஜின் என்றால்தான் முதலில் ஃபீலர் கேஜைத் தேடுகிறார்கள்.