கொளத்தூரைப் பார்த்துக் கொழும்பில் தொட்டி கட்டலாமா?

வெள்ளவத்தையில் மொட்டைமாடி கிடைத்த ஒருவருக்கு அலங்கார மீன் வளர்க்கும் எண்ணம் வந்தால், முதலில் யூடியூப்பைத்தான் திறப்பார். தமிழில் அங்கே வந்து குவிவதெல்லாம் சென்னைக் கொளத்தூர். தொட்டி கட்டுவது, குஞ்சு பிரிப்பது, புழு ஊட்டுவது என்று எல்லாவற்றையும் அங்கிருந்தே படித்துக்கொள்ளலாம். வளர்ப்புக்கு அது நல்ல பள்ளிக்கூடம்தான். விற்பனைக்கு அதை நம்பினால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கை சுடும்.

கொளத்தூரில் கடைத்தெரு ஒரு பக்கம், அதைச் சுற்றிப் புழல், கதிர்வேடு, செங்குன்றம் வரை வளர்ப்பவர்கள் மறுபக்கம். வீட்டுக்குப் பின்னால் சிமெந்துத் தொட்டி, இடமில்லாவிட்டால் மாடியில் தார்ப்பாய்த் தொட்டி. ஒருவர் குஞ்சு எடுப்பார், இன்னொருவர் வாங்கி வளர்ப்பார், வேறொருவருக்குப் புழு விற்பதே பிழைப்பு. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும் என்றில்லை. தெரியாததைப் பக்கத்துத் தெருவில் கேட்கலாம். மீனும் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே விற்றுத் தீர்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஏழு கோடிக்கு மேல் சனம். பிள்ளைக்காக வாங்கும் அப்பா, வால் கொஞ்சம் கோணியிருக்கிறது என்று பேரம் பேசுவாரே தவிர, வேண்டாம் என்று போகமாட்டார்.

இலங்கையின் மொத்தச் சனத்தொகையே இரண்டேகால் கோடிக்குள். உள்ளூர்ச் சந்தை சிறிதென்பதால் இந்தத் தொழில் கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் பார்த்தே வளர்ந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் மீன்களில் முதலிடம் கப்பிக்கு. ஏற்றுமதியாளர்கள் பலர் சிறு வளர்ப்பாளர்களிடம் மீன் வாங்கித் தரம் பிரித்து, பொலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீரும் நிறைய ஒக்சிசனும் அடைத்து, ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே நிறம், ஒரே அளவு, கிழியாத வால். கொளத்தூரில் 'மிக்ஸ் கப்பி' என்று காசாகும் மீன் இங்கே கழிவுக்குப் போகும்.

ஏனென்று கப்பித் தொட்டிக்குள் பார்த்தால் தெரியும். தாய் மீன் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை உயிர்க்குஞ்சு போடும். பசித்தால் தன் குஞ்சையே விழுங்கும். அதனால் செடியோ வலையோ போட்டுக் காப்பாற்ற வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்தாக வேண்டும். குஞ்சின் வால்புறத்து அடித்துடுப்பு கூராக நீளத் தொடங்கினால் அது ஆண். இதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். தவறிப்போய் வேறு இனத்து ஆண் ஒன்று பெண் தொட்டியில் தங்கிவிட்டால், அதை மறுநாளே எடுத்தாலும் பயனில்லை. பெண் கப்பி விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குஞ்சு போடும். அந்தத் தொட்டியின் இனச்சுத்தம் அத்தோடு போய்விடும். கொளத்தூரில் இது விலை குறையும் விடயம். இங்கே வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பும் விடயம்.

தண்ணீரும் வேறு. சென்னையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. கப்பிக்கும் மொலிக்கும் அது பிடிக்கும். கொழும்புக் குழாயில் வருவது பெரும்பாலும் அம்பத்தலையில் சுத்திகரித்த களனி ஆற்று நீர். மென்மையானது, குளோரின் கலந்தது. பீப்பாயில் ஒருநாள் காற்றடித்து வைக்காமல் தொட்டிக்குள் விட்டால் மீன் மிதக்கும். கப்பிக்கென்றால் வடிகட்டியில் சிப்பி ஓடும் போட்டுக்கொள்ள வேண்டும்.

யூடியூப்பில் வராத ஆள் ஒருவர் இங்கே உண்டு: பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். டெங்குக் காலத்தில் கொட்டாஞ்சேனை வீடுகளின் மாடிகளில் அவர் முதலில் தேடுவது தேங்கிய தண்ணீரை. நுளம்பு பெருக இடங்கொடுத்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம். மீன் உள்ள தொட்டியால் வம்பில்லை, கப்பியே நுளம்புக் குடம்பியைத் தின்றுவிடும். மீனை விற்று முடித்துக் கழுவாமல் விட்ட தொட்டியும், தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாயும்தான் மாட்டிக்கொடுக்கும். மூடி போடுங்கள்.

அரசு உதவியில் இந்தியக்காரருக்கு வசதி அதிகம். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக்கொல்லை அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 வீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 வீதமும் மானியம் வைத்தார்கள். இங்கே நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்குக் குருநாகல் மாவட்டத்து ரம்படகல்லையில் அலங்கார மீன் பயிற்சி நிலையம் இருக்கிறது. தொட்டிக்குக் காசு போடுமுன் அங்கே போய்வருவது நல்லது.

அடி விழுவதும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கொளத்தூரின் பயம் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம் அந்தப் பக்கத்தையும் விடவில்லை. கொழும்பில் 2022இன் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. காற்று மோட்டார் நின்றால் நெருக்கமான தொட்டி சில மணித்தியாலமே தாங்கும். அதே ஆண்டில் ரூபாய் சரிந்ததால், டொலரில் விற்றவருக்குக் கைக்கு வந்த ரூபாய் கூடியது என்பதும் உண்மை.

ஆகவே ஃபிளட்டில் இருப்பவருக்கு என் யோசனை, கப்பியை விட்டு ஃபைட்டரில் தொடங்குவது. மேலே வந்து காற்றை நேராக விழுங்கும் மீன் அது. கரண்ட் போனாலும் தப்பிக்கும். ஆண்களை மூன்றாம் மாத அளவில் ஜாம் போத்தலில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தால் ஒரு இராக்கையில் நூறு நிற்கும். வெள்ளவத்தையிலேயே விற்கலாம். கழித்த மீனை மட்டும் பக்கத்துக் கால்வாயில் கொட்டவேண்டாம். தொட்டியிலிருந்து தப்பிய நைஃப் ஃபிஷ் பொல்கொடை வாவியில் பெருகி நிற்பது போதும்.

கப்பிதான் வேண்டும் என்றால் தனியாக இறங்காதீர்கள். நாலு தொட்டிக்காக எந்த ஏற்றுமதியாளரும் வாகனம் அனுப்பமாட்டார். நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே இனத்தை வளர்த்தால் அவர் கதைக்க வருவார். எந்த இனம், எத்தனை சென்ரிமீற்றர், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பார் என்பதைத் தொட்டி வாங்குமுன் அவரிடமே கேளுங்கள். பதிலுக்கு அவர், "தண்ணீர் குழாயா, கிணறா?" என்று கேட்டால் ஆள் தொழில் தெரிந்தவர்.